நீ இருக்கும் தீவை எனக்குத் தெரியும்

அன்புள்ள செல்வா,

இந்தியப் பெருங்கடலில் அமெரிக்கப் படைத்தளம் இருக்கும் டியாகோ கார்சியா தீவுக்கு மாற்றல் என்று நீ சொன்னதும் உன் அம்மா அட்லஸைத் தேடினாள். நான் தேடவில்லை. எனக்கு அந்தத் தீவு 4319 கிலோஹெர்ட்ஸ்.

2003 வாக்கில் மொட்டை மாடியில் செம்புக் கம்பி கட்டி, ராத்திரி பதினொரு மணிக்கு சோனி செட்டைக் குடைந்துகொண்டிருப்பேனே, ஞாபகம் இருக்கிறதா? நீ அப்போது ஆறாம் வகுப்பு. சாதாரண ரேடியோவில் அந்த ஸ்டேஷன் வாத்து கத்துவதுபோல்தான் கேட்கும். அந்த மாதிரி ஒலிபரப்பைப் பிரித்துக் கேட்பதற்கான எஸ்எஸ்பி சுவிட்சைத் தட்டிவிட்டுக் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினால் வாத்து மனுஷனாகும். நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். கடலில் இருக்கும் மாலுமிகளுக்காக அமெரிக்கப் படை வானொலி அந்தத் தீவிலிருந்து அனுப்பியது அது. பேஸ்பால் வர்ணனை எனக்கு ஒன்றும் புரியாது. நடுவில் வரும் அறிவிப்புகளுக்காகவே கேட்பேன்.

அதில் வியாபார விளம்பரம் கிடையாது. சோப்பு விற்க வேண்டிய இடத்தில் யாராவது வந்து, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதே, தபால் வாக்கை மறக்காதே, கப்பல் எங்கே போகிறது என்று வீட்டாரிடம்கூடச் சொல்லாதே என்பார்கள்.

பழைய வழக்கம்தான். இந்தப் படை வானொலி இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல் தொடங்கியது. தென் பசிபிக் தீவு நிலையங்களுக்குக் கொசு நெட்வொர்க் என்றே பெயர். மலேரியாவுக்குக் கொடுத்த அடாப்ரின் மாத்திரை கசக்கும், தோலை மஞ்சளாக்கும். படைப் பையன்கள் விழுங்க மாட்டார்கள். அங்கே குவாடல்கனால் தீவில் ஒரு பாட்டு நிகழ்ச்சிக்கே அந்த மாத்திரையின் பெயரை வைத்துவிட்டார்கள். விளக்கெண்ணெய் கொடுத்த கையோடு உன் வாயில் சர்க்கரை போடுவாளே அம்மா, அந்த வித்தை.

போனில் "சாப்பிட்டேன், நல்லாயிருக்கேன்" என்று முடித்துவிடுகிறாய் என்று அவளுக்கு வருத்தம். எனக்கு இல்லை. எதைச் சொல்லக் கூடாது என்று உனக்கு முன்பே எனக்குச் சொல்லிவிட்டார்கள். ஆனால் மழை பெய்ததா, தென்னை நண்டைப் பார்த்தாயா என்பதெல்லாம் ராணுவ ரகசியம் இல்லையே? தேங்காய்த் தோட்டக் காலத்துக் கழுதைகள் அங்கே திரிவதாகப் படித்தேன். இன்னும் இருக்கின்றனவா? தோட்டத்தில் குடியிருந்த ஜனங்களைத் தளத்துக்காக 1971-இல் வெளியேற்றினார்கள், கழுதைகளை விட்டுவைத்தார்கள். உனக்குச் சோறு போடும் இடம்தான், ஆனாலும் எனக்கு அது உறுத்துகிறது.

கன்னியாகுமரியிலிருந்து சுமார் 1,800 கிலோமீட்டர். எட்டு வருஷத்தில் இவ்வளவு பக்கத்தில் நீ வந்ததில்லை, நாங்கள்தான் வந்து பார்க்க முடியாது.

பரணிலிருந்து செட்டை இறக்கினேன். பேட்டரி போடும் இடமெல்லாம் பச்சையாகப் பூத்திருக்கிறது. ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன். ஞாயிறு ராத்திரி ஒன்பதரைக்குக் கூப்பிடு. உன் கடிகாரத்தில் பத்து.

அன்புடன்,
அப்பா