பிறந்த வருடம் 1990

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செல்போனில் ஆடும் துப்பாக்கி விளையாட்டுகளை அரசு ஒட்டுமொத்தமாகத் தடை செய்ய வேண்டும் என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். காரைக்குடியில் பல வருடங்களாக செல்போன் கடை வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்லியாக வேண்டும். இதில் என் தவறும் உண்டு.

கோடை விடுமுறையில் கொத்தமங்கலத்திலிருந்து ஓர் ஆச்சி பேரனோடு கடைக்கு வந்தார். மகன் சிங்கப்பூரிலிருந்து கொடுத்துவிட்ட போன். "இவன் கேக்குறதப் போட்டுக் குடுத்துருங்க தம்பி, நச்சரிச்சு எடுக்குறான்" என்றார். பையனே ப்ளே ஸ்டோரைத் திறந்து ஒரு விளையாட்டைக் காட்டினான். பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் 16+ என்று இருந்தது. ஆச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார். "அது என்ன பதினாறு? பதினாறு பேரு சேந்து ஆடுறதா?"

"பதினாறு வயசுக்கு மேல உள்ளவங்க ஆடுறது ஆச்சி."

"இவனுக்கு ஒம்பதுதானே ஆகுது. அப்புறம் எப்படி இவனுக்கு வருது?"

கணக்கைத் திறந்து பார்த்தேன். பிறந்த வருடம் 1990. போட்டது நான்தான். சில மாதங்களுக்கு முன் அவன் அம்மா பழைய போனைக் கொண்டுவந்து பையனுக்கு ஜிமெயில் தொடங்கித் தரச் சொன்னபோது போட்டது. 13 வயதுக்குக் குறைவென்றால் பெற்றோரின் கணக்கைக் கேட்கும், பாஸ்வேர்டு கேட்கும், அரை மணி நேரம் போய்விடும். கடையில் கூட்டம் நிற்கும். 1990 என்று போட்டால் இரண்டு நிமிடம். இப்படி எத்தனை பிள்ளைகளை முப்பது வயது ஆளாக்கி அனுப்பியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை.

சினிமாவைத் தணிக்கை வாரியம் உட்கார்ந்து பார்த்துச் சான்று தருகிறது. 2024 முதல் யு/ஏ படங்களையே 7+, 13+, 16+ என்று பிரித்திருக்கிறார்கள். ப்ளே ஸ்டோர் விளையாட்டுக்கு அப்படி இல்லை. ரத்தம் தெறிக்கிறதா, முகம் தெரியாதவரோடு பேச முடியுமா, காசு கொடுத்து வாங்க ஏதாவது இருக்கிறதா என்றெல்லாம் ஒரு கேள்வித்தாள் வரும். தயாரிப்பவரே அதை நிரப்புவார். அந்தப் பதில்களை வைத்து வயது வந்துவிடும். அந்த எண்ணுக்குக் காவலாக தியேட்டர் வாசலில் நிற்பதுபோல் டிக்கெட் கிழிப்பவர் யாரும் இல்லை. வீட்டில் உள்ளவர்கள்தான் நிற்க வேண்டும்.

தடையைப் பற்றி ஒன்று. பப்ஜி என்ற துப்பாக்கி விளையாட்டை மத்திய அரசு 2020 செப்டம்பரில் முடக்கியது. அது நாட்டின் பாதுகாப்பு, தகவல் பாதுகாப்பு என்ற காரணத்துக்காக. பிள்ளைகளுக்காக அல்ல. அடுத்த ஜூலையிலேயே வேறு பெயரில் வந்தது, 2022இல் மறுபடி போனது, 2023 மே மாதம் திரும்ப வந்தது. அப்போது 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 3 மணி நேரம் என்று வரம்பும் வைத்தார்கள். வயதைப் பொய்யாகச் சொன்ன பிள்ளையை அந்த வரம்பு என்ன செய்யும்?

சுட்டு விளையாடுகிறவன் எல்லாம் நாளை கத்தி எடுப்பான் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிப் பயமுறுத்துவதில் எனக்கு உடன்பாடும் இல்லை. என் கவலை வேறு. நம் பக்கத்து வீடுகளில் தெரியாத ஆள் வந்தால் திண்ணையோடு சரி, மிஞ்சினால் முகப்பு. வளவுக்குள், அதாவது உள்முற்றத்துக்குள், விட மாட்டோம். மத்தியானம் வீடே அடங்கிக் கிடக்கும்போது, வளவுத் தூண் ஓரத்தில் ஹெட்செட் மாட்டி விளையாடிக்கொண்டே ஒன்பது வயதுப் பிள்ளை எந்த ஊர் என்றே தெரியாத ஆம்பளைக் குரல்களோடு பேசிக்கொண்டிருக்கிறது. அந்தக் குரல்கள் பேசும் வார்த்தைகளை என் கடையில் வைத்தே கேட்டிருக்கிறேன். இங்கே எழுத முடியாது. "புள்ள வெளிய எங்கயும் போறதில்ல, வீட்டுக்குள்ளதான் இருக்கான்" என்று ஆச்சி நிம்மதியாகச் சொன்னபோது எனக்கு நெஞ்சு அடைத்தது.

அன்றைக்கு அந்த விளையாட்டைப் போட்டுத் தரவில்லை. பையன் அழுதான். மறுநாள் அவன் அம்மாவை வரச் சொல்லி, பழைய கணக்கை எடுத்துவிட்டு, உண்மையான பிறந்த தேதியில் புதிதாகத் தொடங்கி, அவர் கணக்கோடு சேர்த்தேன். இனி எந்த விளையாட்டு வேண்டுமென்றாலும் அம்மா போனுக்கு அனுமதி கேட்டு வரும். ஒரு வாரம் கழித்து அவர் போன் செய்தார்: "அண்ணே, ஒரு நாளைக்கு நாலு தடவை கேக்குறான். எனக்குத் தாங்கல, எடுத்துவிட்ருங்க." கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள், கேட்கும்போது எந்த விளையாட்டு என்று அவனோடு உட்கார்ந்து பாருங்கள் என்றேன். இதுவரை எடுத்துவிடச் சொல்லி மறுபடி வரவில்லை.

வீட்டில் ஒரே போன் என்றால் ப்ளே ஸ்டோரின் செட்டிங்ஸில் பெற்றோர் கட்டுப்பாட்டுக்கு ஒரு பின் நம்பர் வைத்து, எந்த வயது வரை என்று தேர்ந்தெடுத்தாலே போதும், ஐந்து நிமிட வேலை. ஆனால் ஏற்கெனவே போனில் இருப்பதை அது தடுக்காது, கூட்டாளி அனுப்பிவைக்கும் விளையாட்டையும் தடுக்காது. பின் நம்பரைப் பிள்ளையிடமே சொல்லி வைக்கும் வீடுகளும் உண்டு.

தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் கடை வைத்திருக்கும் தொழில்காரர்கள் இதைப் படித்தால், பிள்ளையின் உண்மையான வயதைக் கேட்டுப் போடுங்கள். என்னிடம் கணக்குத் தொடங்கிய பெற்றோர்கள் போனையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஒரு முறை வாருங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் கூட்டம் இருக்காது. காசு வேண்டாம்.

இப்படிக்கு,
செல்போன் கடைக்காரர் ஒருவர்,
காரைக்குடி.