சல்கிரேவ் போன கதை

டேய் முரளி,

ரொம்ப நாளா பதில் போடல, திட்டிட்டு மேல படி. இங்க எல்லாரும் சௌக்கியம், குளிர்தான் உயிரை வாங்குது.

இப்ப விஷயம். நார்த்தாம்ப்டன்ஷயர்ல சல்கிரேவ்னு ஒரு கிராமத்துக்குப் போயிருந்தோம், ஜார்ஜ் வாஷிங்டனோட முன்னோர் வீடு. வாசல்லயே குடும்பச் சின்னம், ரெண்டு பட்டை மூணு நட்சத்திரம், அதையேதான் இப்ப வாஷிங்டன் நகரத்துக் கொடியா வச்சிருக்காங்க. வீட்டைக் கட்டினவர் லாரன்ஸ் வாஷிங்டன், கம்பளி வியாபாரம். இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி மடத்து சொத்தையெல்லாம் பிடுங்கி வித்தப்போ 1539ல நைசா வாங்கிப் போட்டுட்டாரு. உங்க தாத்தா ஞாபகம் வந்துச்சு, கோச்சுக்காத!

அவரோட கொள்ளுப்பேரன் இன்னொரு லாரன்ஸ், எசெக்ஸ்ல பர்லேங்கிற ஊர்ல பாதிரியார். எப்பப் பாத்தாலும் சாராயக்கடையிலதான் கிடக்கறார்னு சொல்லி 1643ல வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க. அப்ப ராஜாவுக்கும் பார்லிமென்ட்டுக்கும் சண்டை, இவர் ராஜா கட்சிங்கறதுதான் நிஜக் காரணமா இருக்கும், குடி ஒரு சாக்குன்னு எனக்குப் படுது. அவர் பையன் ஜான் கப்பல்ல மேட்டா, அதாவது கேப்டனுக்கு அடுத்த ஆளா, அமெரிக்காவுல இருக்கற வர்ஜினியா போனான், போட்டோமேக் ஆத்துல கப்பல் தரை தட்டிடுச்சு, அங்கயே ஆன் போப்ங்கிற பொண்ணைக் கட்டிக்கிட்டு செட்டில் ஆயிட்டான். மாமனார் குடுத்த நிலம் மட்டும் 700 ஏக்கர்டா! அவனோட கொள்ளுப்பேரன்தான் ஜார்ஜ்.

இதுல கூத்து என்னன்னா, லண்டன்ல வம்ச சின்னமெல்லாம் பாக்கற ஐசக் ஹேர்ட்ங்கிற அதிகாரி 1791ல ஜார்ஜுக்கே லெட்டர் போட்டு உங்க பூர்வீகம் என்னன்னு கேட்டிருக்கார், அவரு தெரிஞ்சதை எழுதிட்டு, இதையெல்லாம் நான் பெருசா கவனிச்சதில்லைன்னுட்டாரு. ஹேர்ட் விடல, சர் பட்டம் வாங்கின ஒரு ஜானைப் பிடிச்சு, வர்ஜினியா போன ஜான் இவர்தான்னு கோத்துவிட்டாரு. ஊரே நம்புச்சு. 1860கள்ல செஸ்டர்னு ஒருத்தர் அது வேற ஆளுன்னு நிரூபிச்சாரு, அப்புறம் வாட்டர்ஸ்னு இன்னொருத்தர் 1889ல நிஜ ஜானைப் பிடிச்சுட்டாரு. எப்படி? ட்ரிங்ங்கிற ஊர்ல செத்துப்போன பாதிரியார் பொண்டாட்டியோட சொத்தைப் பாத்துக்கற பொறுப்பை மகன் ஜான்கிட்ட குடுத்த பத்திரம் வச்சு! சர் வேணும்னு அலைஞ்சவங்களுக்கு வேலை போன பாதிரியார்தான் வாய்ச்சாரு, சிரிச்சு மாளல எனக்கு.

ஆனா ராத்திரி ஒண்ணு உறுத்திச்சுடா. 1799ல ஜார்ஜோட மவுன்ட் வெர்னன் பண்ணையில அடிமையா இருந்தவங்க 317 பேர். ஜார்ஜே லிஸ்ட் போட்டு வச்சிருக்காரு, பாதிப் பேருக்கு மேல வெறும் ஒத்தப் பேருதான். அவங்க பேரப்பிள்ளைங்க எந்தப் பத்திரத்தை எங்க போய்த் தேடுவாங்க?

நீ உங்க வீட்டுப் பழைய பத்திரமெல்லாம் ஸ்கேன் பண்றேன்னியே, வயல்ல வேலை செஞ்சவங்களுக்கு நெல் அளந்த கணக்கு நோட்டு இருந்தா அதையும் எடுடா, குப்பைன்னு தூக்கிப் போட்டுடாத. அம்மாவைக் கேட்டேன்னு சொல்லு.

குமார்