அந்தப் பக்கத்து பெஞ்ச்

எப்படிடி இருக்க?

உன் மெசேஜ் வந்து ரெண்டு வாரம் ஆச்சு, திட்டாத. ஒத்த வரில நல்லா இருக்கேன்னு போட்டு முடிக்க மனசு வரல, உக்காந்து எழுதணும்னு தள்ளிப்போட்டு தள்ளிப்போட்டு இன்னிக்குதான் நேரம் வந்துச்சு. ரிட்டயர் ஆகி வீட்ல என்ன பண்றேன்னு கேட்டிருந்தியே, வீட்லயே இல்லடி. வாரத்துல மூணு நாள் ஒரு வாலண்டியர் குரூப்போட சுத்திட்டிருக்கேன். பெரிய சேவை எல்லாம் இல்ல, மனு எழுதிக் குடுக்கறது, ஆஸ்பத்திரிக்கோ ஆபீசுக்கோ கூடப் போறது, அவ்ளோதான். 31 வருஷம் கவர்மென்ட் நலத்துறை ஆபீஸ்ல மேஜைக்கு இந்தப் பக்கம் உக்காந்தவ இப்ப அந்தப் பக்கத்து பெஞ்ச்ல டோக்கனோட உக்காந்திருக்கேன்.

போன வாரம் ஒரு அம்மாவோட போனேன். பேரனைத் தனியா வளர்க்கறவங்க, வந்துட்டிருந்த உதவித்தொகை திடீர்னு நின்னுபோச்சு. முதல் தடவை அவங்க மட்டும் போயிருக்காங்க, அரை நாள் உக்கார வச்சு ஒரு பேப்பர் குறையுது அடுத்த வாரம் வாங்கன்னு அனுப்பிட்டாங்க, அடுத்த வாரம் இவங்க போகல. போனா அன்னிக்கு கூலி போச்சு, பையனை வேற யார் பாத்துக்கறது? ஃபைல்ல என்ன ஏறியிருக்கும்னு எனக்குப் பாக்காமலே தெரியும், நானே எத்தனை தடவை எழுதியிருக்கேன். "ஒத்துழைப்பு இல்லை."

சர்வீஸ்ல இருந்தப்ப இப்படித்தான், வீட்டுக்குப் போனேன் பூட்டியிருந்துச்சு, மறுபடி போனேன் பூட்டியிருந்துச்சு, எழுதினேன், கேஸ் க்ளோஸ். நான் போனதெல்லாம் ஆபீஸ் நேரத்துல, அந்த நேரத்துல அவங்களும் எங்கயாவது வேலைலதான இருப்பாங்கன்னு எனக்கு ஒரு தடவை கூட தோணலயேடி! தோணியிருந்தா மட்டும் என்ன கிழிச்சிருப்பேன், கைல 80 கேஸ், மாசக் கடைசில ரிப்போர்ட்.

ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன்னு ஒரு அமெரிக்கக்காரங்க, அரசு எடுக்கற முடிவுல ஜனங்களுக்கு எவ்ளோ பங்கு இருக்குன்னு படிப்படியா காட்டின ஏணி ஞாபகம் இருக்கா, 1969ல எழுதினது? எட்டுப் படி, ஜனங்கள ஏமாத்தி ஆட்டி வைக்கறது அடிப்படி, முடிவே அவங்க கைல இருக்கறது மேல்படி. நீ எட்டையும் பாட்டு மாதிரி ஒப்பிப்ப. கருத்துக் கேக்கறது நாலாவது படிதான், அதுவும் பேருக்குப் பண்ற வகைலதான் வரும். நான் சர்வீஸ்ல நடத்தின கூட்டம் ஒண்ணு கூட அதைத் தாண்டல, முடிவை எடுத்துட்டுதான கூட்டமே போடுவோம்.

அதுக்காக கவர்மென்ட் வேலை தண்டம், சேவைதான் ஒசத்தின்னு பேசினா எனக்கு ஆகாது. குரூப்ல ஒரு தம்பி அப்படித்தான் பேசுவான். அவனுக்கு ஜேன் ஆடம்ஸ் கதையைச் சொன்னேன். 1889ல சிகாகோல ஏழை ஜனங்களுக்காக ஹல் ஹவுஸ்னு ஒரு சேவை இல்லம் ஆரம்பிச்சு அவங்க நடுவுலயே குடியிருந்தவங்க, குப்பை அள்ளலன்னு புகார் குடுத்து குடுத்து அலுத்துப்போய் 1895ல அந்த வார்டுக்கு குப்பை இன்ஸ்பெக்டரா போஸ்டிங்கே வாங்கிட்டு, விடிகாலைல குப்பை வண்டி பின்னாடியே போனாங்க. அதே ஹல் ஹவுஸ்ல வாலண்டியரா இருந்த ஃப்ரான்சஸ் பெர்கின்ஸ் 1933ல அமெரிக்காவோட தொழிலாளர் துறை அமைச்சர், 1935ல வயசானவங்களுக்கு பென்ஷன் மாதிரி உதவி குடுக்கற சோஷியல் செக்யூரிட்டி சட்டம் வந்ததுல அவங்க பங்கு பெருசு. ஒரு வீட்டுக்காக அலையறது வேற, ஊர் பூராவுக்கும் கையெழுத்துப் போடறது வேற. என் ஒரு கையெழுத்துல ஒரு சின்னப் பொண்ணு அன்னிக்கு ராத்திரியே பத்திரமான இடத்துக்குப் போச்சு, இப்ப அப்படி ஒண்ணு கண்ணுல பட்டா போன் பண்ணி கெஞ்சத்தான் முடியும். அது உறுத்துதுடி, பொய் சொல்லல.

ஆனா ஃபைல் கைல இருந்தப்ப யாரும் சொல்லாததை எல்லாம் இப்ப சொல்றாங்க. அந்த பெஞ்ச்ல காத்திருக்கறப்ப அந்த அம்மா மெதுவா சொன்னாங்க, எனக்குப் படிக்கத் தெரியாது, என்ன பேப்பர் கேட்டாங்கன்னே புரியல, கேக்க வெக்கமா இருந்துச்சுன்னு. பையைத் திறந்து பாத்தா அந்தப் பேப்பர் அதுலயே மடிச்சு கிடக்கு.

உனக்கு சர்வீஸ் இன்னும் நாலு மாசம்தான இருக்கு. அதுக்குள்ள நீ ஒத்துழைப்பு இல்லைன்னு மூடின ஃபைல் ரெண்டை எடுத்துப் பாரேன், சாயங்காலமா ஒரு தடவை அந்த வீட்டுக்குப் போய் பாரு. எனக்குத்தான் அந்த ஃபைலைத் தொட வழியில்லாம போச்சு.

அந்த அம்மாவுக்கு இன்னும் பணம் வரல, வியாழக்கிழமை மறுபடி போறோம். வந்து போன் பண்றேன், எடு.