குழந்தை எழுத்தாளர்களின் பெயரில் ஒரு கற்றல் மையம் வேண்டும்

தென்னாப்பிரிக்கத் தமிழ்ச் சங்கங்களின் ஆட்சிக்குழுவினருக்கும், டர்பன் வட்டாரக் கோயில்களின் அறங்காவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய பெரியோர்களே,

வணக்கம். குழந்தைகளுக்காகத் தமிழில் எழுதிய புலவர்களின் நினைவாக டர்பனில் ஒரு சிறுவர் கற்றல் மையம் தொடங்க வேண்டும் என்றும், அதற்காக உங்கள் பொறுப்பிலுள்ள மண்டபங்களில் ஒன்றை வாரநாள் பிற்பகல்களில் ஒதுக்கித் தர வேண்டும் என்றும் வேண்டிக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். சாட்ஸ்வொர்த்தில் வாரயிறுதித் தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுள் நானும் ஒருவர். நினைவு மையம் என்றதும் நம் மனம் சிலைக்கும் பெயர்ப்பலகைக்கும் திறப்புவிழாவுக்கும் ஓடிவிடுவது வழக்கமாகிவிட்டதால், அந்த இடம் எவ்வாறு நடக்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல அனுமதியுங்கள்.

யாரை நினைவுகூர வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954) ஆசிரியராகப் பணியாற்றியவர். குழந்தையின் வாயில் எந்தச் சொல் எளிதாக வரும் என்பதை அறிந்தவர். பசுவையும் கன்றையும் பற்றி அவர் பாடிய சிறு பாட்டில் அடிகள் குறுகியவை. அதே சொற்கள் திரும்பத் திரும்ப வந்து காதில் தங்குகின்றன. வீட்டில் தமிழ் கேட்டே அறியாத குழந்தையும் சில முறை சொன்னதும் பொருளைத் தானே பிடித்துக்கொள்கிறது. யாழ்ப்பாணத்து நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) ஆடிப்பிறப்பு நாளின் கூழையும் கொழுக்கட்டையையும் சிறுவர்களுக்காகப் பாடினார். ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் வார்த்து, அதைப் ‘பாரிட்ஜ் பிரேயர்’ என்றே சொல்லிப் பழகிவிட்ட நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். இந்தியாவையோ இலங்கையையோ பார்த்திராத குழந்தைகள் அதில் வரும் கூழைத் தங்கள் கோயில் கூழாகவே எடுத்துக்கொள்வதைக் காண்பீர்கள்.

அழ. வள்ளியப்பா (1922–1989) வங்கிப் பணியில் இருந்துகொண்டே வாழ்நாளெல்லாம் குழந்தைகளுக்கு எழுதினார். 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றுவதற்கு முன்னின்று, தம்மைப் போலவே எழுதக்கூடிய பலரை ஒன்றுசேர்த்தார். காந்தியடிகளின் வாழ்க்கையைச் சிறுவர்களுக்குப் பாட்டாகவே சொன்னவர் அவர். அந்த வாழ்க்கையின் 21 ஆண்டுகள், 1893 முதல் 1914 வரை, இந்த நாட்டோடு பிணைந்தவை. பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையமும் ஃபீனிக்ஸ் குடியிருப்பும் நம் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவில் போய்ப் பார்க்கும் இடங்கள். பெ. தூரனோ 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாகக் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தை உருவாக்கித் தந்தார். ஒரு மொழி தன் சிறுவர்களை எவ்வளவு பெரிதாக மதிக்கலாம் என்பதற்கு அந்தப் பத்துத் தொகுதிகளே போதிய சான்று என்று கருதுகிறேன். இவர்களுடைய பெயர்களில் ஒன்றாவது நம் மண்டபச் சுவர்களில் இருக்கலாம். இவர்களுடைய நூல்களில் ஒன்றை ஒரு குழந்தை எட்டி எடுத்து, தரையில் உட்கார்ந்து, புரட்டிப் படிக்கும் இடம் நம்மிடம் எங்கே இருக்கிறது?

நம் பிள்ளைகள் தமிழை எப்படிச் சந்திக்கிறார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஐஸ்டெட்ஃபட் எனப்படும் கலை, இலக்கிய மேடைப் போட்டிகளுக்காக ஒரு பாட்டையோ பேச்சையோ ஆங்கில எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்கிறார்கள். மேடையில் பிழையின்றி ஒப்பிக்கிறார்கள். பாட்டி தாத்தாக்கள் கண் கலங்குகிறார்கள். அந்த மேடையை நான் குறைத்துப் பேசமாட்டேன். தேவாரமும் பாரதியார் பாட்டும் இந்நாட்டில் இத்தனை தலைமுறையாக நாவில் நிலைத்திருப்பதற்கு அந்த மேடையும் கோயில் பஜனையுமே பெருங்காரணம். ஆனால் போட்டி முடிந்த மறுநாள் அந்தத் தாள் காணாமல் போகிறது. அந்தக் குழந்தை அடுத்து எடுத்துப் படிக்க அதே புலவரின் வேறொரு பாட்டு, பெரிய எழுத்தில், படத்தோடு, எட்டும் உயரத்தில் இருந்திருந்தால் தமிழோடு அதற்கு ஏற்பட்ட உறவு அடுத்த ஐஸ்டெட்ஃபட் வரை காத்துக்கிடக்க வேண்டியதில்லை.

இது தமிழுக்கு மட்டும் உரிய குறையும் அன்று. 2021-ஆம் ஆண்டின் பன்னாட்டு வாசிப்புத் திறன் ஆய்வின்படி, தென்னாப்பிரிக்காவில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 விழுக்காட்டினரால் எந்த மொழியிலும் பொருள் உணர்ந்து படிக்க முடியவில்லை. 2016-இல் இது 78 விழுக்காடாக இருந்தது. இந்த எண்ணிக்கையில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நம் தெருவுக்கு அப்பால் வாழும் சூலு பேசும் பிள்ளைகள் இன்னும் பெருந்தொகையாக இருக்கிறார்கள். ஆகவே, இந்த மையத்தின் கதவு தமிழ்ப் பெயர் உள்ள குழந்தைகளுக்கு மட்டும் திறப்பதாக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான வேண்டுகோள். 2021 ஜூலை மாதக் கலவரத்தில் டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் உயிர்கள் பறிபோனதையும், அண்டை அயலார் ஒருவரை ஒருவர் அஞ்சி நின்றதையும் கண்ட பிறகு, ஒரே பாயில் உட்கார்ந்து கதை கேட்கும் பிள்ளைகளை வளர்ப்பது நம் கோயில்களுக்கு உரிய பணி அன்று என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என நம்புகிறேன்.

அவ்வாறு திறந்துவிட்டால், நினைவுகூர வேண்டியோரின் வரிசையும் நீளும். நம் மாகாணத்து ஹாமர்ஸ்டேலில் 1958-இல் பிறந்த க்சினா ம்ஹ்லோபே கதைசொல்லியாக உலகறிந்தவர். ஊர் ஊராகச் சென்று பிள்ளைகளைப் படிக்கச் சொல்லி வருபவர். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த பெவர்லி நாயுடு, இனவொதுக்கல் ஆட்சியில் கறுப்பினக் குழந்தைகள் பட்ட துன்பத்தைச் சிறுவர் கதையாக 1985-இல் வெளியிட்டார். அந்நூல் 1991 வரை இந்நாட்டில் தடைசெய்யப்பட்டிருந்தது. சிறுவர் கதை ஒன்றுக்கு ஓர் அரசு அஞ்சியது என்றால் அக்கதையின் வலிமையை நாம் உணர வேண்டும். இவ்விருவரின் நூல்களும் வள்ளியப்பாவின் பாடல்களும் ஒரே தட்டில் நிற்பதையே நான் விரும்புகிறேன்.

இனி நடைமுறை. நம் மண்டபங்கள் சனி, ஞாயிறுகளில் திருமணங்களுக்கும், காவடி, புரட்டாசி நாட்களில் அன்னதானத்துக்கும் பயன்படுகின்றன. வாரநாட்களில் பெரும்பாலும் பூட்டியே கிடக்கின்றன. பள்ளி விடும் நேரத்திலிருந்து பெற்றோர் வேலை முடிந்து திரும்பும் வரையுள்ள சில மணி நேரத்தில்தான் பிள்ளைகளுக்கு ஓர் இடம் தேவைப்படுகிறது. சமையற்கட்டு ஏற்கெனவே இருப்பதால், வரும் பிள்ளைக்கு ஒரு தட்டு சோறும் பருப்பும் கொடுப்பது நம் கோயில்களுக்குப் புதிய வேலையும் அன்று. உயரம் குறைந்த திறந்த அலமாரிகள், முகப்பு அட்டை வெளியே தெரியும்படி அடுக்கிய நூல்கள், கழுவக்கூடிய பாய்கள், நல்ல வெளிச்சம் ஆகியவை போதும். நூல்கள் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பூட்டப்படக் கூடாது. வீட்டுக்கு இரவல் தரப்பட வேண்டும். கிழிந்தால் கடிந்துகொள்ளாமல் ஒட்டித் தர வேண்டும். குழந்தை நூல் கிழிவது அது படிக்கப்படுகிறது என்பதன் அடையாளம்.

செலவு செய்ய வேண்டிய இடம் ஆள். பிற்பகல்தோறும் வந்து, பிள்ளைகளின் பெயர்களை அறிந்து, உரக்கப் படித்துக் காட்டி, அடுத்து எந்த நூலைக் கையில் கொடுக்கலாம் என்று தெரிந்து வைத்திருக்கும் ஒருவருக்கு முறையான சம்பளம் வேண்டும். ஒரு வெண்கலச் சிலைக்கு ஆகும் தொகையை இதற்கென ஒதுக்குங்கள் என்று வெளிப்படையாகவே கேட்கிறேன். தன்னார்வத் தொண்டர்கள் வருவார்கள், அவர்களை வரவேற்போம். ஆனால் தொண்டர்களை மட்டும் நம்பித் தொடங்கிய எத்தனையோ தமிழ் வகுப்புகள் ஓரிரு ஆண்டில் ஓய்ந்துபோனதை நீங்களும் கண்டிருக்கிறீர்கள்.

நூல்கள் கிடைக்குமா என்ற கேள்வி எழும். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 50 ஆண்டுகள் வரையே இலக்கியப் படைப்புகளுக்குப் பதிப்புரிமை உண்டு. ஆகவே பாரதியார், கவிமணி, சோமசுந்தரப் புலவர் ஆகியோரின் சிறுவர் பாடல்களை இங்கேயே அச்சிடத் தடையில்லை. தமிழ் எழுத்து, அதன் கீழே ஆங்கில எழுத்தில் ஒலிப்பு, எதிர்ப்பக்கத்தில் ஆங்கிலத்திலும் சூலுவிலும் பொருள் என்று நம் பிள்ளைகளுக்கு ஏற்ற வகையில் அவற்றைப் பதிப்பிக்கலாம். வள்ளியப்பா, தூரன் போன்றோரின் நூல்களுக்கு உரியவர்களிடம் இசைவு பெற வேண்டும். சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் எழுதுவதே அதற்குத் தொடக்கம். இவை தவிர, இந்தியாவின் பிரதம் புக்ஸ் நிறுவனம் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்திலும், தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய ஆஃப்ரிக்கன் ஸ்டோரிபுக் தளத்திலும் படக்கதைகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றை அச்சிட்டுக்கொள்ளவும் மொழிபெயர்க்கவும் உரிமமே இடம் தருகிறது. ஆஃப்ரிக்கன் ஸ்டோரிபுக்கில் உள்ள ஒரு சூலுக் கதையை எடுத்து, நம் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தமிழில் எழுதி, படங்களோடு அச்சிட்டால் அந்த மையத்தின் முதல் நூல் அதுவாகவே இருக்கலாம்.

தமிழ் படிக்கத் தெரிந்தவர்களே குறைந்துவிட்ட நாட்டில் இது வீண் முயற்சி என்று சிலர் சொல்வார்கள். கரும்புத் தோட்டத்திலும் நகராட்சித் துப்புரவுப் பணியிலும் அற்பக் கூலிக்கு உழைத்த நம் முன்னோர், அரசு ஒரு பங்கு தர மறு பங்கைத் தாங்களே திரட்டிப் பள்ளிகளைக் கட்டினார்கள். அவர்களில் பலர் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள். டர்பன் நகராட்சித் தொழிலாளர்களுக்கான மேகசின் பேரக்ஸ் குடியிருப்பில் நெருக்கியடித்து வாழ்ந்த காலத்திலும் தமிழ் நாடகமும் பாட்டும் நின்றுவிடவில்லை. அங்கிருந்து பெயர்க்கப்பட்டுச் சாட்ஸ்வொர்த்துக்கு வந்தவர்கள், மண் சாலை போடப்பட்ட காலத்திலேயே கோயிலுக்கும் தமிழ் வகுப்புக்கும் இடம் தேடினார்கள். நம்மிடம் அவர்களைவிடப் பணமும் கட்டடமும் அதிகம். சட்டமும் நம் பக்கம் இருக்கிறது: 1996-ஆம் ஆண்டு அரசமைப்பின் 6-ஆம் பிரிவு, தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அதை ஊக்குவிக்கவும் மதிக்கச் செய்யவும் தென்னாப்பிரிக்க மொழிகள் வாரியத்தைப் பணிக்கிறது. அந்தப் பிரிவை மேடையில் பெருமையாக எடுத்துச் சொல்கிறோம். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சிறுவர் மையத்துக்கு உதவி கேட்டு வாரியத்துக்கும் டர்பனை நிருவகிக்கும் எதெக்வினி நகராட்சிக்கும் விண்ணப்பிக்கலாம்.

இன்னும் ஒன்று. அந்தப் புலவர்கள் தங்கள் ஊர்க் குழந்தைகள் கண்ட பசுவையும் பனங்கட்டியையும் பாடினார்கள். நம் குழந்தைகள் காண்பது தோட்டத்து மாமரத்தில் ஏறும் குரங்குகளையும், டோங்காட் சாலையோரக் கரும்பையும், கடற்கரையில் மத்தி மீன் கூட்டம் வரும் பருவத்தையும். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, சிறை சென்று, 1914-இல் 16 வயதில் உயிர் நீத்த தில்லையாடி வள்ளியம்மையை நாம் ஒரு நினைவு நாளோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆறு வயதுக் குழந்தை தமிழில் படிக்கத்தக்க அவருடைய கதை நம் அலமாரிகளில் இருக்க வேண்டும். இவற்றை எழுதக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆண்டுதோறும் ஒரு சிறுவர் நூலையாவது எழுதச் சொல்லி, படம் வரையச் சொல்லி, உரிய ஊதியம் கொடுத்து வெளியிடுவதை அம்மையத்தின் கடமைகளுள் ஒன்றாக எழுதி வைக்க வேண்டுகிறேன்.

உங்கள் அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனைச் சேர்த்து, எந்த மண்டபம், வாரத்தில் எத்தனை நாள், சம்பளத்துக்கு எவ்வளவு தொகை என்ற மூன்றையும் அந்தக் கூட்டத்திலேயே முடிவுசெய்யுங்கள். நூல் பட்டியலைத் தயாரிக்கவும், பாடல்களைத் தட்டெழுதிச் சரிபார்க்கவும், முதல் ஆண்டு முழுவதும் வாரத்தில் இரண்டு பிற்பகல்கள் வந்து பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டவும் நான் அணியமாக இருக்கிறேன். என்னுடன் கற்பிக்கும் ஆசிரியர்களையும் அழைத்து வருவேன். வரும் ஆடி மாதக் கூழ் வார்ப்புக்கு முன் மண்டபத்தின் சாவி கிடைத்தால், சோமசுந்தரப் புலவரின் பாட்டிலிருந்தே தொடங்கிவிடலாம்.

பணிவன்புடன்,
தமிழ் வகுப்பு ஆசிரியர் ஒருவர்
சாட்ஸ்வொர்த், டர்பன்