கதிரைகளைக் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்கு

அன்புள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை கொட்டாஞ்சேனை மண்டபத்தில், அப்பப்பாவின் பட்டறையில் செய்து பல வீடுகளுக்குப் போன பதினேழு கதிரைகளைக் காட்சிக்கு வைத்து ஒன்றாகக் கண்டபோது அப்பா ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒவ்வொன்றின் முதுகையும் தடவிக்கொண்டே போனார். நன்றி சொல்ல எழுந்த எனக்கும் தொண்டை அடைத்துவிட்டது. அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

சுன்னாகத்துக்குப் பக்கத்து ஊரில் அப்பப்பா தொடங்கிய கதிரைத் தொழிற்சாலையின் வரலாறு எங்களிடம் எழுத்தில் இல்லை. நான்கு தச்சர், ஒரு கடைசல்காரர், வீட்டு ஆட்கள், அவ்வளவுதான் தொழிற்சாலை. 1956இல் யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்குமுன்பே எங்கள் கதிரைகள் வைக்கோல் சுற்றி, சாக்கில் தைத்து, சுன்னாகம் ஸ்டேஷனில் ஏறிக் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கியிருக்கின்றன. 1990இல் போரால் ரயில் நின்றது, கொழும்பு ஓடர்களும் நின்றன. 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்கு அஞ்சி எங்கள் வலிகாமப் பகுதிச் சனமே மழைக்குள் நாவற்குழிப் பக்கம் இடம்பெயர்ந்து நடந்தபோது, அப்பா சைக்கிள் கரியரில் கட்டியது அப்பம்மாவின் உடுப்புப் பையையும் அப்பப்பாவின் சீவுளியையும்தான். கணக்குக் கொப்பிகளும் படங்களும் பட்டறையிலேயே கிடந்தன. திரும்பிப் போனபோது கூரையும் இல்லை, கொப்பியும் இல்லை.

மிஞ்சியவை கதிரைகள், அதுவும் மற்றவர்களின் வீடுகளில். பின்சட்டத்தின் உட்பக்கத்தில் மூன்று புள்ளி சுட்டிருக்கும், கவிழ்த்துப் பாருங்கோ என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் வட்ஸ்அப்பில் அனுப்பினோம். நீங்கள் கவிழ்த்துப் பார்த்தீர்கள்.

வெள்ளவத்தை அன்ரி, உங்கள் அவர் கடைசிவரை பேப்பர் படித்த சாய்மனைக் கதிரையைத் தந்தீர்கள். அதன் நீட்டுக் கையில் தேத்தண்ணிக் கோப்பை வைத்து வைத்து விழுந்த வட்டம் ஒன்று. மினுக்கிவிடவா என்று கேட்டதற்கு, "அது இருக்கட்டும் பிள்ளை" என்றீர்கள். அப்படியே இருக்கிறது.

மருதானை நானா, பழைய தளபாடக் குவியலுக்குள் எங்கள் கதிரைகள் மூன்றைக் கண்டுபிடித்து, கேட்டு வந்தவர்களுக்குக் கொடுக்காமல் இரண்டு மாதம் ஒதுக்கி வைத்தீர்கள். வியாபாரிக்கு அது லேசான காரியம் இல்லை.

கதிரைகளைத் திருத்தித் தந்த தச்சர், மொறட்டுவை பாஸுக்கு இதை யாராவது சிங்களத்தில் வாசித்துக் காட்டுங்கள். கால் முறிந்த கதிரையைப் பிரித்துவிட்டு அவர் எங்களைக் கிட்டக் கூப்பிட்டார். இருக்கை முன்னுக்கு அகலம், பின்னுக்கு ஒடுக்கம். ஆகவே பக்கச் சட்டத்தின் கழுந்து, அதாவது துளைக்குள் செருகும் முனை, பின்காலுக்குள் நேராகப் போக முடியாது, சரிந்துதான் போகவேண்டும். அந்தச் சரிவை விரலால் காட்டினார். ஒட்டிய வச்சிரப் பசை காய்ந்து மாவாக உதிர்ந்திருந்தது, மர ஆணி மட்டும் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. "ஹொந்த வெட", நல்ல வேலை, என்றார் மெதுவாக. அப்பப்பாவின் கைத்திறனை நான் முதன்முதலாகப் பார்த்தது அந்த முறிவில்தான். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

கண்டி வீதியில் றதாவடுன்னையில் பிரம்பு பின்னித் தந்த அம்மாவுக்கும் நன்றி. ஊறவைத்த பிரம்பை எடுத்து, நெட்டுக்கு இரண்டு, குறுக்குக்கு இரண்டு, மூலைக்கு இரண்டு என ஆறு ஓட்டம் ஓட்டினார். எட்டுமூலைக் கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பக்கத்தில் நின்ற அப்பா, "அம்மாவும் இப்படித்தான் பின்னுவா" என்றார். எங்கள் ஊரில் பின்னல் முழுக்கப் பெண்களின் வேலை. திண்ணையில் இருந்து பின்னிய அந்தப் பெண்களின் பெயர்கள் கணக்குக் கொப்பியில் ஒருநாளும் ஏறியதில்லையாம். கொப்பி கிடைத்திருந்தாலும் அவர்கள் கிடைத்திருக்கமாட்டார்கள். ரொறன்ரோவிலிருந்து ஒரு மாமி நினைவுபடுத்திச் சொன்ன ஏழு பெயர்களை மண்டப வாசலில் பெரிதாக எழுதி வைத்தோம். மாமி, உங்களுக்கு என்ன கைம்மாறு செய்வேன்!

பழைய பாடசாலை மலர்களை எண்ணிமப்படுத்தி வைத்திருக்கும் நூலகம் நிறுவனத்தாருக்கும் நன்றி. அப்படிப்பட்ட ஒரு மலரின் பின்பக்கத்தில் அப்பப்பாவின் விளம்பரம் அகப்பட்டது. எங்கள் தொழிற்சாலையின் பெயரை அச்சில் கண்டது அந்த ஓரிடத்தில்தான். மண்டபம் தந்தவர்கள், கதிரை தூக்கிய தம்பிமார், எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

ஞாயிறு காலை பாஸின் மகன் லொறியில் கதிரைகளைத் திருப்பிக் கொண்டுவருகிறார். முதலில் இறங்குவது வெள்ளவத்தையில். அன்ரி, ஜன்னலோரத்து இடத்தை விட்டுவையுங்கோ.

அன்புடன்,
பேத்தி
கொழும்பு