தையல் நன்றாகத்தான் இருக்கும், வலியைக் கேளுங்கள்

ஆசிரியருக்கு,

அறுவைக்குப் பின் நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

குடல் அறுவைச் சிகிச்சை முடிந்த நான்காம், ஐந்தாம் நாளில் தையல் ஓரம் சிவந்து சீழ் கட்டுவது அபூர்வமில்லை. இரண்டு தையலைப் பிரித்துவிட்டால் பெரும்பாலும் ஆறிவிடும். தசையுறை (தசையை மூடியிருக்கும் சவ்வு) வழியாகப் பரவி அழுகவைக்கும் ‘நெக்ரோடைசிங் ஃபேசியைடிஸ்’ அப்படியல்ல. குடலிலிருந்து வரும் ஈ.கோலை, பாக்டீராய்ட்ஸ் போன்ற பல கிருமிகள் ஒன்றுசேர்ந்து அடியில் சதையை அழுகவைக்கின்றன. தோலுக்குப் போகும் நுண்குழாய்கள் கடைசியில்தான் அடைபடும். அதனால் மேலே எல்லாம் சரியாகவே தெரியும்.

காயம் சின்னது, வலி பெரியது: இதுதான் முதல் அறிகுறி. சிவப்பைத் தாண்டியும் வீக்கம், இறங்காத நாடித்துடிப்பு, குழப்பமான பேச்சு ஆகியவையும் சேர்ந்தால் வலி ஊசி போட்டுத் தூங்கவைப்பது ஆபத்து. சர்க்கரை நோயாளிக்கு வலியே குறைவாக இருக்கலாம். சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் வரைந்து பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். ஒரு மணி நேரத்தில் கோட்டைத் தாண்டினால் காத்திருக்கக் கூடாது. கருநீலத் திட்டு, கொப்புளம், மரத்துப்போதல், அழுத்தினால் நறநறப்பு எல்லாம் தாமதமாக வருபவை.

ரத்தப் பரிசோதனை முடிவுகளை வைத்து இந்நோய்க்குப் போடும் மதிப்பெண் குறைவாக வந்தாலும், சிடி ஸ்கேனில் சதைக்குள் காற்று தெரியாவிட்டாலும் நோய் இல்லை என்று ஆகாது. சந்தேகம் இருந்தால் மரத்துப்போகும் ஊசி போட்டு, தசையுறை வரை 2 செ.மீ. கீறிப் பாருங்கள். ரத்தம் கசியாமல் கழுநீர் போல் கலங்கிய நீர் வந்து, விரல் தடையின்றி வழுக்கிக்கொண்டு போனால் நோய் உறுதி.

ஆன்டிபயாடிக் மட்டும் போதாது. ரத்தம் ஓடாத சதைக்கு மருந்து எப்படிப் போய்ச் சேரும்? நல்ல ரத்தம் கசியும் இடம் வரை அழுகலை வெட்டி எடுக்க வேண்டும். தழும்பைப் பற்றி யோசித்துக் குறைத்து வெட்டுவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. 24 மணி நேரத்துக்குள் மறுபடி திறந்து பார்க்க வேண்டும். குடலை வெட்டி இணைத்த இடம் கசிந்திருந்தால் அதைச் சரிசெய்யாமல், அல்லது குடலை வயிற்றுக்கு வெளியே திருப்பிவிடாமல், எவ்வளவு வெட்டினாலும் தொற்று திரும்பும்.

வேறு மருத்துவமனைக்கு அனுப்புவதானால், கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு) ரத்தம் எடுத்து, மெரோபெனம், வான்கோமைசின், கிளிண்டாமைசின் ஆகிய ஆன்டிபயாடிக்குகளின் முதல் டோஸைத் தொடங்கி, சலைன் ஓடவிட்டே அனுப்புங்கள். அனுப்பும் முன், இன்றே அறுவை அரங்கு கிடைக்குமா என்று போனில் கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள் சிலர்