திருகாணி தேடிய கண்

அன்புள்ள சரோ,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். சோம்பல் மட்டும் காரணமில்லையடி, எழுத்தே தெரியவில்லை. இரண்டு கண்ணிலும் புரை. கண்ணாடிக் கடைக்காரர் பவரை ஏற்றிக்கொண்டே போனார். மைனஸ் 16 வந்ததும் கையை விரித்துவிட்டார்.

"ஆபரேஷன் கால் மணி நேர வேலைதானே அத்தை" என்கிறாள் மருமகள். மற்றவர்களுக்கு அப்படித்தான். சாதாரணக் கண் முன்னிருந்து பின்வரை 23, 24 மில்லிமீட்டர், என்னுடையது 30. முட்டைக்கண்ணி என்பாயே, அளந்தே நிரூபித்துவிட்டார்கள்! புரையை எடுத்துவிட்டு மற்றவர்களுக்குக் கண்ணுக்குள் 20, 21 பவரில் லென்ஸ் வைப்பார்கள், எனக்கு 5 போதுமாம். நீளக் கண்ணில் லென்ஸ் பவரைக் கண்டுபிடிக்கும் பழைய கணக்கு பிசகி, பிளஸ் பவரில் கொண்டுபோய் விட்டுவிடுமாம். அதனால் 'பேரட்' என்ற புதுக் கணக்கில் போட்டுப் பார்க்கிறார் டாக்டர்.

முதலில் போன இடத்தில் ஒரு பெண், கிட்டேயும் தூரமும் தெரிகிற மல்டிஃபோகல் லென்ஸ் வைத்தால் கண்ணாடியே வேண்டாம் ஆன்ட்டி என்றாள். விலையைக் கேட்டதும் எழுந்து வந்துவிட்டேன். நல்லதாயிற்று. அந்த லென்ஸ் வெளிச்சத்தைப் பங்கு போடுமாம். என் விழித்திரை நடுவில் மெலிந்திருப்பதால் ஒத்துவராது என்கிறார் இந்த டாக்டர்.

இப்போது குழப்பம் வேறு. தூரப் பார்வைக்கு வைக்கட்டுமா, கிட்டப் பார்வைக்கா என்று கேட்கிறார். தூரத்துக்கு வைத்தால் பஸ் போர்டு வெறுங்கண்ணில் தெரியும், படிக்கக் கண்ணாடி வேண்டும். மைனஸ் 3 மிச்சம் வைத்தால் ஓரடி தூரத்தில் புத்தகம் தெரியும், வெளியே போகக் கண்ணாடி. ஊரே முதலாவதைக் கேட்கும். நான் இரண்டாவது. படுத்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்றிப் படிக்காமல் எனக்குத் தூக்கம் வந்ததுண்டா? ஆனால் மூக்கை ஒட்டி வைத்துப் பார்க்கும் அந்த வித்தை எதை வைத்தாலும் போய்விடும். ஹாஸ்டல் குளியலறையில் உன் மூக்குத்தித் திருகாணியைக் கண்டெடுத்த கண்ணடி இது! அதற்காக ஒரு நாள் முழுக்க அழுதேன், சிரிக்காதே.

பயம் அது இல்லை. விழித்திரை. இவ்வளவு நீளக் கண்ணில் ஆபரேஷனுக்குப் பிறகு அது கழன்றுகொள்ளும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம். ஓரத்தில் பலவீனமாக இருந்த ஓர் இடத்துக்கு லேசர் வைத்தாயிற்று. கண்ணுக்குள் மின்னல் வெட்டினாலோ, கரும்புள்ளிகள் திடீரென்று கூடினாலோ, திரை இறங்கினாலோ அன்றே ஓடிவரச் சொல்லியிருக்கிறார். உன் பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து, "பக்கத்தில் யாரோ சேலை காயப்போட்டிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே நாலு நாள் கழித்தாரே, நினைவிருக்கிறதா? இரவெல்லாம் அந்தச் சேலைதான்.

அடுத்த மாதம் 12 இடது கண். வலது கண் முடியும்வரை ஒரு கண் மைனஸ் 3, ஒரு கண் மைனஸ் 16. கண்ணாடி போட்டால் ஒன்றே இரண்டாகத் தெரியுமாம், வலதுக்குக் காண்டாக்ட் லென்ஸ்தான். இந்த வயதில்! போட்டுவிட ஆள் வேண்டும். இரண்டு வாரம் வந்து இரு. அவரை உன் மாப்பிள்ளை வீட்டில் விட்டுவிடு, குறட்டைக்கு இங்கே இடமில்லை.

திருகாணி தொலைப்பதாக இருந்தால் 12ஆம் தேதிக்குள் தொலைத்துக்கொள்.

உன்,
சோடாபுட்டி